வாசகர் கேள்விகள்: வீட்டிலேயே கறுப்பு-வெள்ளைப் படம்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பங்கு, டிஜிட்டல் படங்களைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றி வீட்டுப் பிரிண்டரிலேயே அச்சிடுவதைப் பற்றியதாக இருந்ததால், அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் பாட்டி அரக்கு நிறப் புடவையில் அமர்ந்திருக்கும் படம் ஒன்று செல்போனில் இருக்கிறது. புடவைக்குக் கரும்பச்சைக் கரை. கலரில் இரண்டும் நன்றாகப் பிரிந்து தெரிகின்றன. கறுப்பு-வெள்ளையாக மாற்றியதும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடுகின்றன. வேறு செயலியில் மாற்றியும் அப்படியேதான் வருகிறது. குறை படத்திலா, செயலியிலா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டிலும் குறையில்லை. கலர் படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவும் 0 முதல் 255 வரையிலான எண்களாகப் பதிந்திருக்கும். அந்த மூன்று எண்களை ஒரே எண்ணாகச் சுருக்குவதைத்தான் கறுப்பு-வெள்ளையாக மாற்றுதல் என்கிறோம். மனிதக் கண் பச்சையைக் கூடுதல் வெளிச்சமாகவும் நீலத்தை மிகக் குறைந்த வெளிச்சமாகவும் உணர்வதால், பெரும்பாலான செயலிகள் சிவப்பில் 30 விழுக்காடு, பச்சையில் 59 விழுக்காடு, நீலத்தில் 11 விழுக்காடு என்ற கணக்கிலோ அதை ஒத்த வேறொரு கணக்கிலோ கூட்டிக்கொள்கின்றன. உங்கள் புடவையின் அரக்கு 150, 30, 40 என்றும் கரையின் பச்சை 30, 90, 40 என்றும் வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் ஏறத்தாழ 67 என்ற ஒரே விடைதான் கிடைக்கும். நிறத்தால் எட்ட நிற்கும் இரண்டு பொருள்கள் வெளிச்சத்தால் ஒன்றாக இருக்கின்றன. அதனால்தான் எந்தச் செயலியில் போட்டாலும் ஒரே முடிவு வருகிறது.

ஆகவே நிறத்தை ஒரே தட்டில் நீக்கிவிடும் பொத்தானை மறந்துவிட்டு, எந்த நிறம் எவ்வளவு வெளுப்பாக வரவேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்க இடம் தரும் வசதியைத் தேடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் இதற்கு 'மோனோ மிக்ஸர்' என்று பெயர். அதில் சிவப்புக்கு 60, பச்சைக்கு 30, நீலத்துக்கு 10 விழுக்காடு என்று கொடுத்தால், மேலே சொன்ன புடவை 103 ஆகவும் கரை 49 ஆகவும் மாறி, வெளுத்த உடலும் இருண்ட கரையுமாகப் பிரிந்து நிற்கும். கரை வெளுப்பாகவும் புடவை இருட்டாகவும் வேண்டுமென்றால் பச்சையின் பங்கை ஏற்றிச் சிவப்பைக் குறையுங்கள். கணினி இல்லாதவர்கள் ஸ்னாப்சீட் செயலியின் கறுப்பு-வெள்ளைப் பகுதியிலுள்ள சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீல வடிகட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாலே வேறுபாடு புரியும். பிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் நிறக் கண்ணாடியை மாட்டிச் செய்த வேலைதான் இது. இப்போது படம் எடுத்த பிறகு செய்கிறோம்.

ஓர் எச்சரிக்கை. நம் மாநிறத் தோலிலும் சிவப்பின் எண்தான் மற்ற இரண்டைவிட உயரமாக இருக்கும். சிவப்பின் பங்கை ஏற்றிக்கொண்டே போனால் புடவையோடு முகமும் வெளுத்து, பாட்டியின் சுருக்கங்களும் கரைந்துபோகும். முகத்தை வெளுக்கவைப்பதே நல்ல படம் என்று ஸ்டூடியோக்கள் நெடுங்காலமாகப் பழக்கிவிட்டிருப்பதால் பலர் இதைக் குறையாகவே எண்ணுவதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. கறுத்த முகம் கறுத்த முகமாகவே, அதன் மேடுபள்ளங்கள் எல்லாம் தெரியும்படி இருக்கவேண்டும். புடவைக்கு ஒரு கலவை, முகத்துக்கு ஒரு கலவை என்று இரண்டு படிகளை உருவாக்கி, ஜிம்ப்பில் புடவைக்கான படி மேலே வரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் அடுக்கில் முகப் பகுதியை மட்டும் மாஸ்க் போட்டு மறைத்துவிட்டால் இரண்டும் சரியாக அமையும். நீலத்தை மட்டும் தாராளமாக ஏற்றாதீர்கள். குறைந்த வெளிச்சத்தில் எடுத்த செல்போன் படங்களில் நீலச் சேனலில்தான், அதாவது நீலத்தின் எண்களில்தான், புள்ளி புள்ளியான இரைச்சல் அதிகம் ஒளிந்திருக்கும்.

கேள்வி: கேமராவிலேயே கறுப்பு-வெள்ளை முறையை வைத்து எடுத்துவிட்டால் இந்த வேலையெல்லாம் மிச்சமாகாதா?
— வாசகர், ஈரோடு

பதில்: ஜேபெக் படமாக மட்டும் பதிந்தால் கேமரா தன் கணக்குப்படி நிறத்தைக் களைந்துவிடும், பிறகு கலவையை மாற்ற வழியில்லை. கேமராவின் சென்சார் பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் ரா கோப்பில் நிறம் அப்படியே இருக்கும். எனவே இரண்டையும் சேர்த்துப் பதியும்படி அமைத்துவிட்டு, கேமராவின் திரையை மட்டும் கறுப்பு-வெள்ளையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒளியையும் நிழலையும் கவனித்துச் சட்டகம் போட அது நல்ல பழக்கம். ரா கோப்புக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தாம். 12 பிட் ராவில் 4,096, 14 பிட்டில் 16,384. கலர் படத்தில் மூன்று சேனல்கள் ஒன்றின் குறையை ஒன்று மறைத்துவிடும்; சாம்பலில் மறைக்க ஏதுமில்லாததால், 256 படிகளை இழுத்து நீட்டும்போது வெறும் வானம் பட்டை பட்டையாகப் பிரிவது உடனே கண்ணில் படும். ராவிலிருந்து வந்தாலும் வேலை முடியும்வரை 16 பிட்டிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: என் பெற்றோரின் திருமணப் படம் மஞ்சள் படிந்து, நடுவே பழுப்புக் கறைகளுடன் இருக்கிறது. அது முதலிலேயே கறுப்பு-வெள்ளைப் படம் என்பதால் கிரே முறையில்தான் ஸ்கேன் செய்தேன். கறை அப்படியே வருகிறது.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கறுப்பு-வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள், அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதும். மஞ்சளும் பழுப்பும் நீல ஒளியை விழுங்கி, சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புபவை. எனவே ஸ்கேன் செய்த கோப்பின் மூன்று சேனல்களையும் தனித்தனியே திறந்து பார்த்தால், நீலச் சேனலில் கறை கன்னங்கரேலென்றும் சிவப்புச் சேனலில் மங்கலாகவோ அடையாளமே இல்லாமலோ இருப்பதைக் காண்பீர்கள். சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடலாம். படத்தின் மேல் யாராவது நீலப் பேனாவால் எழுதியிருந்தால் கதை தலைகீழ். எழுத்து நீலச் சேனலில்தான் மங்கும். அந்த இடத்தை மட்டும் நீலத்திலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். கிரே முறையில் ஸ்கேன் செய்தபோது இந்த வாய்ப்புகள் அனைத்தையும் ஸ்கேனரே கலந்து அழித்துவிட்டது.

கேள்வி: நான்கு மை கொண்ட இங்க் டேங்க் பிரிண்டர் வைத்திருக்கிறேன். கலர் படங்கள் நன்றாக வருகின்றன. கறுப்பு-வெள்ளைப் படங்களில் மட்டும் ஒரு சமயம் பச்சையும் ஒரு சமயம் ஊதாவும் தட்டுகிறது. ஒரே படம் டியூப் லைட்டில் ஒரு மாதிரியும் வாசலில் ஒரு மாதிரியும் தெரிகிறது.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: வந்த கடிதங்களில் அதிகம் பேர் புலம்பியிருந்தது இதைப் பற்றித்தான். உங்கள் பிரிண்டரில் சாம்பல் மை என்று ஒன்று கிடையாது. வெளிர் சாம்பல் வேண்டிய இடத்தில் கறுப்பு மையை மட்டும் தூவினால் புள்ளிகள் எட்டி எட்டி விழுந்து கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால், சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பலை உண்டாக்கும்படி பிரிண்டரை அமைத்திருக்கிறார்கள். கறுப்பு மை இருண்ட பகுதிகளில்தான் சேர்கிறது. மூன்றில் ஒன்று இம்மியளவு கூடினாலும் குறைந்தாலும் சாம்பல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கலர் படத்தில் அந்தச் சாய்வு நிறங்களுக்குள் மறைந்துகொள்ளும். நிறமே இல்லாத படத்தில் அது ஒன்றுதான் நிறம்.

முதலில் மைத் துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் ஒன்றை அச்சிட்டு, எல்லாக் கோடுகளும் முழுமையாக விழுகின்றனவா என்று பாருங்கள். மெஜந்தாவில் சில துளைகள் அடைத்திருந்தால் படம் பச்சையாகத்தான் வரும். அடுத்து, பிரிண்டர் அமைப்பில் தேர்ந்தெடுத்திருக்கும் பேப்பர் வகையும் உள்ளே வைத்திருக்கும் பேப்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். மை எவ்வளவு விழவேண்டும் என்பதைப் பிரிண்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. வேறு நிறுவனத்தின் மலிவு மையை ஊற்றியிருந்தால், கலரில் தெரியாத வேறுபாட்டைக் கறுப்பு-வெள்ளை காட்டிக்கொடுக்கும். படத்தின் நிறங்களைப் பேப்பருக்கும் மைக்கும் ஏற்ப மாற்றும் நிற மேலாண்மையை மென்பொருளும் பிரிண்டரும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருப்பதும் அடிக்கடி காணும் காரணம். இரண்டில் ஒன்றை அணைத்துவிட வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சாய்வு போகவில்லையென்றால், பிரிண்டர் அமைப்பில் 'கிரேஸ்கேல்' என்பதைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டு, வெளிர் சாம்பல் பகுதியை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தால் பிரிண்டர் கறுப்பு மையைத்தான் பயன்படுத்துகிறது. நீலமும் சிவப்புமாகத் தெரிந்தால், கிரேஸ்கேல் என்று சொல்லிக்கொண்டு பழைய கலவையைத்தான் அடிக்கிறது என்று பொருள். சில பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் நுண்துகள்களாலான பிக்மென்ட் மையாகவும் மற்றவை கரைந்த சாயமான டை மையாகவும் இருக்கும். அந்தப் பிக்மென்ட் கறுப்பு பளபளப்பான பேப்பரில் ஊறாமல் மேலே நின்றுவிடுவதால், குளோஸி பேப்பர் என்று சொன்னவுடன் பிரிண்டர் அதை ஒதுக்கிவிடும். பளபளப்பில்லாத மேட் பேப்பருக்கு மாறினால் கறுப்பு மை திரும்பி வரும். கறுப்பு மை மட்டும் கொண்டு அச்சிட்ட படத்தில் வெளிர் பகுதிகளில் சற்றே மணல் தூவினாற்போல் இருக்கும். ஏ4 அளவில், சுவரில் மாட்டி இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது ஒரு குறையே அன்று. சில படங்களுக்கு அழகாகவும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வாசலில் ஒரு மாதிரி தெரிவது உங்கள் கண்ணின் கோளாறன்று. கலந்து உண்டாக்கிய சாம்பல், விளக்கின் ஒளியில் எந்த அலைநீளம் கூடுதலாக இருக்கிறதோ அதற்கேற்பத் தோற்றம் மாறும். டியூப் லைட்டும் வெயிலும் அந்த வகையில் வேறுபட்டவை. படம் எங்கே தொங்கப்போகிறதோ அந்த இடத்து வெளிச்சத்தில் வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும். இன்னொரு தந்திரமும் உண்டு. தூய சாம்பலை எட்டிப் பிடிக்க முயலாமல், படம் முழுவதற்கும் மெல்லிய பழுப்புச் சாயலை வேண்டுமென்றே ஏற்றிவிடுங்கள். சிறிய சாய்வுகள் அதற்குள் அடங்கிவிடும். செபியா என்று சொல்லுமளவுக்குப் போகவேண்டாம்.

புதிதாகப் பிரிண்டர் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் சாம்பல் மை உள்ளதைப் பாருங்கள். இங்க் டேங்க் வகையில் எப்சன் எல்8160, எல்8180, கேனான் ஜி570, ஜி670 ஆகியவற்றில் ஒரு சாம்பல் மை உண்டு. கறுப்பையே மூன்று அடர்த்திகளில் பிரித்துத் தரும் முறையை எப்சன் 2005ஆம் ஆண்டு கொண்டுவந்தது. அதன் வழிவந்த தொழில்முறைப் பிரிண்டர்களில் கறுப்பு-வெள்ளைக்கென்றே தனி அச்சு முறை இருக்கிறது. விலையும் மைச் செலவும் அதற்கேற்பத்தான். ஆண்டுக்குப் பத்துப் படம் அச்சிடுபவர் அவற்றை வாங்குவது வீண். பயன்படுத்தாமல் கிடந்தால் மை உலர்ந்து துளைகள் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: திரையில் அருமையாக இருக்கும் படம் பேப்பரில் இருண்டுவிடுகிறது. எவ்வளவு வெளிச்சம் கூட்டி அனுப்பவேண்டும் என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பொதுவான கணக்கு கிடையாது, உங்கள் பிரிண்டருக்கும் உங்கள் பேப்பருக்கும் உரிய கணக்கை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். திரை தானே ஒளிர்கிறது. பேப்பர் அறையின் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. கடையிலிருந்து வரும் மானிட்டர்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறிய வெளிச்சத்தில்தான் இருக்கும். அச்சு வேலைக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும் என்பார்கள். அளக்கும் கருவி இல்லையென்றால், திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து, பக்கத்தில் உங்கள் போட்டோ பேப்பர் ஒன்றை அறை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். பாதிப் பேருக்குச் சிக்கல் இதோடு தீர்ந்துவிடும்.

அதன் பிறகு 0 முதல் 255 வரை 21 கட்டங்களாகப் பிரித்த ஒரு சாம்பல் பட்டையை ஜிம்ப்பில் வரைந்து, படத்தை அச்சிடும் அதே பேப்பரில், அதே அமைப்பில் அச்சிடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏறத்தாழ 13 எண் இடைவெளி வரும். மை நன்றாக உலர்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் இருண்ட முனையைக் கூர்ந்து பாருங்கள். 0, 13, 26 ஆகிய மூன்று கட்டங்களும் ஒன்றாகக் கலந்து, 38இல்தான் முதல் வேறுபாடு தெரிகிறது என்றால், உங்கள் பேப்பரில் 26க்குக் கீழே உள்ள எதுவும் வெறும் கறுப்பாகத்தான் விழும். பாட்டியின் கூந்தலோ கோயில் மண்டபத்தின் நிழலோ, எந்த இருட்டுக்குள் விவரம் தெரியவேண்டுமோ அதை, இருண்ட பகுதி, வெளுத்த பகுதி என்று தனித்தனியே வெளிச்சத்தை மாற்றும் 'கர்வ்ஸ்' கருவியால் அந்த எண்ணுக்கு மேலே தூக்கிவிடுங்கள். படம் முழுவதையும் வெளிச்சமாக்கத் தேவையில்லை; அப்படிச் செய்தால் முகமும் வானமும் வெளிறிவிடும். வெளுத்த முனையில் 255 என்பது மையே விழாத வெற்றுப் பேப்பர். வானமோ வேட்டியோ 255ஐத் தொட்டால் படத்தின் விளிம்பு பேப்பரோடு கலந்துவிடும் என்பதால் 245, 250 என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் அன்செல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையில், தூய கறுப்பிலிருந்து தூய வெள்ளைவரை 11 படிகளாகப் பிரித்துக்கொண்டு, காட்சியின் எந்தப் பகுதி எந்தப் படியில் விழவேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். இந்தச் சாம்பல் பட்டை அதே சிந்தனைக்கு உங்கள் பிரிண்டரின் அளவுகோலைத் தருகிறது.

இப்படித் திருத்திய படி அச்சுக்கென்றே உருவானது. மூலக் கோப்பின் மேல் சேமிக்காமல் தனிப்பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். பேப்பரை மாற்றினால் பட்டையை மறுபடியும் அச்சிடவேண்டும்.

கேள்வி: எவ்வளவு பெரிதாக அச்சிடலாம்?
— வாசகர், புதுச்சேரி

பதில்: பிக்சல் எண்ணிக்கையை 300ஆல் வகுத்தால் அங்குலம் கிடைக்கும். 8க்கு 10 அங்குலப் படத்துக்கு 2,400க்கு 3,000 பிக்சல் வேண்டும். இன்றைய செல்போன்கள் அதைத் தாண்டிவிட்டன. சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200ஆல் வகுத்தாலும் குற்றமில்லை. உறவினர்கள் வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பும் படம்தான் தொல்லை. நீளப் பக்கத்தில் 1,600 பிக்சல் இருந்தால் 5 அங்குலத்துக்குச் சற்று மேலேதான் வரும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: பளபளப்பான பேப்பர் நல்லதா, மேட் நல்லதா? அச்சகத்தில் கிடைக்கும் ஆர்ட் பேப்பரைப் பயன்படுத்தலாமா?
— வாசகர், சேலம்

பதில்: ஆர்ட் பேப்பர் வேண்டாம். அதன் பூச்சு ஆஃப்செட் மைக்கானது. இங்க்ஜெட் மை ஊறாமல் தேங்கிக் கையில் ஒட்டும். இங்க்ஜெட் பேப்பர்களில், ஆழ்ந்த கறுப்பு வேண்டுமென்றால் குளோஸிக்கு இணையில்லை. ஆனால் கறுப்பு-வெள்ளைப் படத்தில் பெரிய இருண்ட பரப்புகள் இருக்கும். அவற்றில் ஜன்னலும் விளக்கும் பிரதிபலித்துக்கொண்டே இருந்தால் அந்த ஆழத்தைப் பார்க்கவே முடியாது. மேட் பேப்பரில் கறுப்பு சற்று வெளிறினாலும் எந்தக் கோணத்திலிருந்தும் அமைதியாகப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட லஸ்டர் வகையைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். கண்ணைப் பறிக்கும் நீல வெண்மையுள்ள பேப்பரில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் சேர்த்திருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் வீரியம் குறைந்து பேப்பர் மஞ்சளாகத் தெரியும். மாதிரிப் படங்களை 4க்கு 6 அளவில் அச்சிட்டுச் சரிபார்த்த பிறகே பெரிய தாளுக்குப் போங்கள்.

கேள்வி: அப்பா நடத்திய ஸ்டூடியோவில் 'இந்து' பெயர் போட்ட பழைய போட்டோ பேப்பர், பிரிக்காத உறையோடு கிடைத்தது. பிரிண்டரில் வைக்கலாமா?
— வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: வைக்கவேண்டாம், வெளிச்சத்தில் பிரிக்கவும் வேண்டாம். 1960ஆம் ஆண்டு அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்ட உதகமண்டலம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் தயாரிப்பு அது. அதன் மேல் பூசியிருப்பது மை ஊறும் பூச்சு அன்று, ஒளிபட்டால் கறுக்கும் வெள்ளி உப்புக் கலந்த ஜெலட்டின். டிஜிட்டல் படத்தை அதில் கொண்டுவர ஒரு சுற்றுவழி உண்டு. படத்தை நெகடிவாகத் திருப்பி, இங்க்ஜெட்டுக்கான ஓஎச்பி தாளில் அச்சிட்டு, இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் அந்தத் தாளைப் பேப்பரின் மேல் அழுத்தி வைத்து, மங்கிய பல்பை ஓரிரு நொடி எரியவிட்டு டெவலப் செய்யவேண்டும். பேப்பருக்கு வயதாகிவிட்டதால் முதலில் ஒரு துண்டை மட்டும் வெளிச்சம் படாமல் வெட்டி டெவலப்பரில் போட்டுப் பாருங்கள். வெள்ளையாகவே இருந்தால் நல்ல காலம். தானாகச் சாம்பலாகிவிட்டால் பேப்பர் கெட்டுவிட்டது, உறையை அப்பாவின் நினைவாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அச்சிட்ட படத்தை லேமினேஷன் செய்தால் நீண்ட நாள் இருக்குமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: கடற்கரைக் காற்றின் ஈரத்திலிருந்து ஓரளவு காக்கும், சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது என்பதால் நான் செய்வதில்லை. டை மையில் அச்சிட்ட படம் வெயிலிலும் திறந்த காற்றிலும் வேகமாக மங்கும். அப்போது மூன்று மைகளும் ஒரே வேகத்தில் மங்காததால் சாம்பல் மறுபடியும் நிறம் காட்டத் தொடங்கும். பிக்மென்ட் மை இதைக் கூடுதலாகத் தாங்கும். ஒரு நாள் முழுதும் உலரவிட்டு, கண்ணாடியில் படம் ஒட்டாதபடி நடுவே மவுண்ட் அட்டை வைத்து ஃபிரேம் போட்டு, வெயில் நேராக விழாத சுவரில் மாட்டுங்கள். கோப்பையும் அச்சிட்ட அமைப்புகளின் குறிப்பையும் பத்திரமாக வைத்திருந்தால், மங்கிய பிறகு இன்னொரு படி எடுத்துக்கொள்ளலாம்.